சொந்தப் பிள்ளையை அளக்காத தையல்காரர்

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் தையல் கடைக்குள் போகிறவன் சட்டை கசங்காமல் வெளியே வர முடியாது. அந்தக் கடையும் அப்படித்தான் இருந்தது. ஒரு கட்டில் போடுகிற இடம். அதற்குள் இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டு மேசை, சுவரெல்லாம் தொங்கும் நீல கவுன்கள், வெள்ளைச் சட்டைகள். வாசலில் தாய்மார்கள் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் திங்கட்கிழமைக்குள் வேண்டும். எல்லோருக்கும் தையல்காரர் சொன்ன பதில் ஒன்றுதான்: "நாளைக்கு வாங்க."

அவர் மனைவி மூலையில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பட்டன் துளைக்கு நூல் கட்டுகிற வேலை அது. கண்ணைப் பிடுங்கும். மகள் வெட்டு மேசையின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பதினொரு வயது. காலையில் உட்கார வைத்தால் மத்தியானம் வரை அங்கேயே இருப்பாள். ஓடமாட்டாள், ஆடமாட்டாள், அது வேண்டும் இது வேண்டும் என்று அடம் பிடிக்கமாட்டாள். வருகிறவர்கள் எல்லாம் "பொம்மை மாதிரி இருக்கா" என்று சொல்லிச் சொல்லி, அவளைக் கூப்பிடுவதே பொம்மை என்று ஆகிவிட்டது. தகப்பனுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு லாண்டரி நடத்துகிற அம்மாள் உள்ளே வந்தாள். கையில் ஒரு நீல கவுன். பின்னாலேயே நெட்டையாக அவள் சின்ன மகள்.

"யோவ் டெய்லரே, போன வருஷம் நீ தெச்சதுதானே இது? பாரு, முட்டிக்கு மேல ஏறி நிக்குது. மடிப்பை அவுத்து விட்டும் பத்தல."

"துணி சுருங்கியிருக்கும்மா. ஊறப் போட்டுட்டு மறந்திருப்பீங்க."

"யாருகிட்ட பேசறே? லாண்டரிக்காரிகிட்டயே துணி சுருங்குற கதை சொல்றியா?"

கூட்டம் சிரித்தது. தையல்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என் தையல் அப்படி இல்லம்மா. இதோ, என் பொண்ணைப் பாருங்க. ரெண்டு வருஷமா ஒரே அளவுதான் போடறா. ஒரு நூல் பிரியல, ஒரு விரக்கடை சின்னதாகல. அதான் தையல்!"

லாண்டரி அம்மாள் பொம்மையை மேலும் கீழும் பார்த்தாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அட அறிவுகெட்ட மனுஷா, துணி சின்னதாகலன்னு பெருமை வேறயா? புள்ளை பெருசாகலய்யா! என் மகளும் உன் மகளும் ஒரே நாள்லதானே ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்தாங்க? நீ இறங்கி வாம்மா. ஏய், நீ பக்கத்துல நில்லுடி."

இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பொம்மையின் உச்சந்தலை அந்தப் பெண்ணின் தோளைத்தான் தொட்டது. ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றுபோனது. யாரும் சிரிக்கவில்லை.

ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் அளக்கிறவர் தன் பிள்ளையைக் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கவனிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது; அது முட்டாள்தனமான காரணம். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், "சொந்தப் பிள்ளை மேல டேப்பு வெக்காதே, வளர்த்தி நின்னுடும்" என்று சொல்லி வைத்திருந்தார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பெரியவர் சொன்னது என்ற ஒன்றுக்காக எத்தனை அபத்தத்தைத்தான் நாம் தலையில் தூக்கிக்கொண்டு திரிகிறோம்! ஆகவே மகளுக்குத் துணி வெட்டும்போது பழைய கவுனைப் புதுத் துணிமேல் விரித்து, அதைச் சுற்றிச் சாக்பீஸில் கோடு போட்டு வெட்டுவார். பழையது சரியாக இருக்கிறதா, புதியதும் சரியாக இருக்கும். வேலை முடிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் மகளின் கவுன் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். பிள்ளை வளர வளர அவிழ்த்து விடுவதற்காக உள்ளே நாலு விரல் மடிப்பு வைத்துத் தைப்பது வழக்கம். அந்த மடிப்பில் அவர் போட்ட தையல் ஒரு கண்ணிகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது.

"உன் குடும்பத்துல எல்லாரும் கட்டைதானே," என்றார் மனைவியிடம்.

"ஆமா, உங்க அக்கா மட்டும் நிலையில தலை இடிக்கிற உசரமோ? என் அப்பா உங்களைவிட அரை அடி உசரம். அண்ணன் ஒருத்தன்தான் எங்க வீட்டுல குட்டை."

"அப்ப சாப்பாடு சரியாப் போடல நீ."

"ஓ! நான் போட்டுத்தான் நீங்க இப்படித் தொப்பையும் தொந்தியுமா இருக்கீங்க. அவளுக்கு மட்டும் வேற பானையா?"

இப்படியே வார்த்தை தடித்தது. பொம்மை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிப்போனாள். வெயில் காலத்திலும் அவளுக்குப் போர்வை வேண்டும். அதையும் அந்த வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

பள்ளி திறந்தது. ஆறாம் வகுப்பு என்பதால் இனி பெரிய பள்ளிக்கூடம். கேட்டில் நின்ற காவல்காரர் பொம்மையைப் பார்த்து, "சின்ன ஸ்கூல் அந்தத் தெருவுல இருக்கு பாப்பா, போ போ" என்று கை காட்டினார். அவளும் சரி என்று போய்விட்டாள்! அங்கே ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்து, மத்தியானம் மணி அடிக்கும் வரை சின்னப் பிள்ளைகளோடு இருந்திருக்கிறாள். டீச்சர் பெயர் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"நான் ஆறாங்கிளாஸ்னு வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?" என்று தாய் கத்தினாள்.

"அவர் சொன்னாரும்மா," என்றாள் மகள். குரல் கரகரவென்று இருந்தது. "எனக்குப் பேச அலுப்பா இருந்துச்சு."

அன்றைக்குத் தாய் அழுத அழுகைக்குத்தான் வழி கண்டுபிடித்து வந்தான் அவளுடைய அண்ணன்.

அவனைத் தெருவில் ஏணி என்பார்கள். ஆள் நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. அதனால்தான் அந்தப் பெயர். குதி வைத்த ஷூ, மினுமினுக்கும் கோட்டு. கடைக்குள் வரும்போதே ஒரு பெரிய டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தான்.

"மாப்ள! இனிமே கவலையை விடு. கடவுளாப் பார்த்து என்னை இந்தக் கம்பெனியில சேர்த்து விட்டிருக்கார்."

"என்ன மச்சான் இது?"

"உயரப் பொடி! காலைல ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி. ஆறே மாசம். ஒட்டகச்சிவிங்கி வந்து நம்ம பொம்மைகிட்ட வழி கேட்டுட்டுப் போகும்."

தங்கச்சி ஊசியிலிருந்து கண் எடுக்காமல் கேட்டாள்: "அவ்ளோ நல்லதுன்னா நீ ஏண்ணே குடிக்கல?"

கடையில் இருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஏணி அசரவில்லை.

"நான் வளர்ற வயசுல இதைக் கண்டுபிடிக்கலயே தங்கச்சி! கண்டுபிடிச்சிருந்தா நான் இப்ப இந்த வாசல்ல குனிஞ்சுதானே வந்திருப்பேன்!"

இப்படிப் பேசுகிறவனிடம் யார் தப்ப முடியும்? டப்பாவின் மேல் ஒரு பையனும் ஒரு பெண்ணும் வானத்தை எட்டிப் பிடிக்கிற மாதிரி படம். படத்தை யார் வேண்டுமானாலும் போடலாம், அச்சகம் இருந்தால் போதும். ஆனால் பிள்ளைக்காகப் பயந்து கிடக்கிறவர்களுக்கு அது தோன்றாது. வாங்கினார்கள்.

"முதல்ல ஒரு அளவு எடுத்துடுவோம். அப்பத்தான் வித்தியாசம் தெரியும்," என்று ஏணி மேசைமேல் கிடந்த டேப்பை எடுத்தான். தையல்காரர் உடனே தெருவுக்கு இறங்கி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சொந்தப் பிள்ளையை அளப்பதைப் பார்க்கக்கூட மாட்டாராம்! உள்ளேயிருந்து ஏணியின் குரல் கேட்டது: "நாப்பத்தேழு இஞ்ச்! எழுதிக்கோ மனசுல!"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரே உற்சாகம். காலையும் மாலையும் பொடி. கதவு நிலையில் கம்பி கட்டி அதில் தொங்கச் சொன்னான் ஏணி. பொம்மை தொங்குவாள், கை வலித்து இறங்குவாள், உடனே தூங்கிவிடுவாள். மாதங்கள் போகப் போக முகம் உப்பியது, கன்னம் தடித்தது.

"பாத்தியா, முகத்துல தெளிவு வந்துடுச்சு!" என்றான் ஏணி.

"ஆமாண்ணே, உசந்த மாதிரிதான் தெரியுது," என்றாள் தாய்.

"எனக்கும் அப்படித்தான் படுது," என்றார் தகப்பன். மனசு ஆசைப்பட்டுவிட்டால் கண் அதற்குக் கூலி வேலை பார்க்கும்.

ஏணி சும்மா இருப்பானா? கம்பெனிக்காரர்கள் ஒரு மண்டபம் பிடித்துக் கூட்டம் போட்டார்கள். மேடை, மைக், காதைக் கிழிக்கும் பாட்டு. நாற்காலி நிறையத் தாய் தகப்பன்மார், மடியில் பிள்ளைகள். எல்லோர் முகத்திலும் நெருப்புப் பிடித்த மாதிரி ஓர் ஆசை. தையல்காரரும் மனைவியும் முன் வரிசையில். கடையிலிருந்து நேராக வந்ததால் அவர் கழுத்தில் டேப்பு தொங்கியது.

"உங்க கண்ணு முன்னாலயே நிரூபிக்கப் போறேன்!" என்று ஏணி மைக்கில் முழங்கினான். "இது யாரோ இல்ல, என் கூடப் பொறந்தவ பெத்த பொண்ணு! ஆறு மாசம் முன்னால நாப்பத்தேழு இஞ்ச். மேல வாடா கண்ணு!"

பொம்மை மேடை ஏறினாள். ஏணி தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு புது டேப்பை உருவினான். முனையை அவள் குதிகாலின் கீழ் வைக்கக் குனிந்தான்.

வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போன தையல்காரரின் கண்ணில் அந்த முனை பட்டது. டேப்பு என்றால் இரண்டு முனையிலும் தகடு மடக்கி அடித்திருக்க வேண்டும். அதில் இல்லை. யாரோ கத்தரியால் வெட்டி, பிரியாமல் இருக்க நூல் சுற்றி வைத்திருந்தார்கள். ஆயிரம் பேர் பார்த்தாலும் தெரியாது. தினமும் டேப்போடு மாரடிக்கிறவனுக்குத் தெரியாமல் போகுமா?

"அம்பது இஞ்ச்! மூணு இஞ்ச் ஏறியிருக்கு!" ஏணி கூவினான். மண்டபம் அதிர்ந்தது. கைதட்டல், விசில். முன்னால் இருந்த ஒரு தாய் தன் மகனைத் தூக்கிக்கொண்டு டப்பா விற்கும் மேசைக்கு ஓடவே ஆரம்பித்துவிட்டாள்.

"நிறுத்து மச்சான்!"

தையல்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு மேடையில் ஏறினார். ஏணியின் கையிலிருந்து டேப்பைப் பிடுங்கினார்.

"மாப்ள, என்ன இது, சபையில..."

"இதுல ஒண்ணு எங்க? ரெண்டு எங்க? மூணுலேருந்து ஆரம்பிக்குது!" அவர் டேப்பை முன் வரிசைக்கு நேராக நீட்டிக் காட்டினார். "பாருங்க! நீங்களே பாருங்க! முனையை வெட்டியிருக்கான்!"

மண்டபத்தில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதையும் நிறுத்தினார்கள். தையல்காரர் தன் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார். ஊரில் உள்ள பிள்ளைகளை எல்லாம் அளந்த டேப்பு, அவர் கையால் தன் பிள்ளைமேல் ஒரு தடவைகூடப் படாதது. ஒரு நொடி தயங்கினார். பிறகு மண்டியிட்டு, முனையை மகளின் குதிகாலுக்குக் கீழே வைத்து, அவளை மிதிக்கச் சொல்லி, மேலே இழுத்தார்.

நாற்பத்தேழு.

"என் புள்ளை மூணு இஞ்ச் வளரல," என்று அவர் கத்தினார். "இவன் டேப்புதான் மூணு இஞ்ச் குறைஞ்சிருக்கு! என் புள்ளை வளரவே இல்ல!"

பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. டப்பாக்கள் பறந்தன. கோட்டுப் போட்ட கம்பெனிக்காரர்கள் பின் வாசல் வழியாக ஓடினார்கள். ஏணி மட்டும் அங்கேயே நின்று, "கம்பெனியில குடுத்த டேப்பு மாப்ள, சத்தியமா எனக்குத் தெரியாது" என்றான். தெரியுமா தெரியாதா என்பது அவனுக்கே வெளிச்சம்.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் மூன்று பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டர் ஒரு நடு வயதுப் பெண். சுவரில் அளவுப் பலகை. பொம்மையை அதன்மேல் நிற்கச் சொன்னார். தையல்காரர் குறுக்கே வந்தார்.

"இருங்க டாக்டர்." தன் டேப்பை எடுத்துப் பலகையின் மேல் வைத்து, கீழிருந்து மேல் வரை சரிபார்த்தார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சரியா இருக்கா?" என்றார் டாக்டர், கோபப்படாமல்.

"இருக்கு. தப்பா நெனைக்காதீங்க. நேத்து ஒரு டேப்பைப் பார்த்தேன்."

டாக்டர் பிள்ளையை அளந்தார், எடை பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், தோலைத் தடவினார். தாய் பொடி கொடுத்த கதையைச் சொன்னாள்; டாக்டர் அவளிடம் கேட்க ஆரம்பித்தார். "குளிர் தாங்கமாட்டாளா?"

"ஆமா டாக்டர், வெயில்லயும் போர்வை கேப்பா."

"மலம் கழிக்கக் கஷ்டப்படுவாளா?"

"ஐயோ, ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நிறைய தூங்குவா. ஓடி விளையாட மாட்டா. குரல் கம்மியிருக்கும். படிப்புல முன்ன மாதிரி இல்ல."

தாய் வாயைப் பிளந்தாள். "எல்லாமே டாக்டர்! எல்லாமே! அடக்கமான பொண்ணுன்னு நெனச்சோம்!"

"அடக்கம் இல்லம்மா, அசதி. சரி, போன வருஷம் எவ்வளவு உயரம்? அதுக்கு முந்தின வருஷம்?"

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அளந்ததில்ல."

"ஒரு அளவை வெச்சு நான் பிள்ளை குட்டைன்னுதான் சொல்ல முடியும். வளருதா நிக்குதான்னு தெரியணும்னா முன்னால எடுத்த அளவு வேணும். நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"தையல்."

"பிள்ளையோட பழைய துணி ஏதாவது இருக்கா?"

அவர் நிமிர்ந்தார். "இருக்கு! எல்லாம் இருக்கு! பெட்டியில வெச்சிருக்கா இவ!"

"அப்ப போங்க, கொண்டு வாங்க. ஓ.பி. மூடறதுக்குள்ள வந்துடுங்க."

அவர் ஓடிய ஓட்டத்தைத் தெருவே பார்த்தது. யாருடைய சைக்கிளையோ "இதோ வந்துடறேன்" என்று எடுத்துக்கொண்டு மிதித்தார். வீட்டில் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். நீல கவுன்களை மட்டும் அள்ளி மூட்டை கட்டினார். திரும்பி வரும்போது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக் கதவை ஊழியர் இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

"நேரம் முடிஞ்சுடுச்சுய்யா."

"டாக்டரம்மா வரச் சொன்னாங்கய்யா! என் புள்ளை உள்ளதான்யா இருக்கா!" மூட்டையை இடுக்கிக்கொண்டு இடைவெளியில் நுழைந்தேவிட்டார்.

பெஞ்சுமேல் கவுன்களை ஒன்றன்பின் ஒன்றாக விரித்தார். ஒன்றாம் வகுப்புக் கவுன். அதில் மடிப்பை அவிழ்த்துவிட்ட கோடு. இரண்டாம் வகுப்பு, அதைவிட நீளம். மூன்றாம் வகுப்பு, இன்னும் நீளம், அதிலும் மடிப்பு அவிழ்த்த கோடு. படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே வந்தது. நாலாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு. இப்போது போட்டிருப்பது. கடைசி மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் நூல் பிசகாமல் பொருந்தின.

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தையல்காரர் அந்த மூன்றின் ஓரத்தையும் விரலால் தடவினார்.

"என் கையாலதானே வெட்டினேன்," என்றார். "ஒரே அளவை மூணு தடவை வெட்டினேனே!"

"இந்த வயசுல வருஷத்துக்கு ரெண்டு இஞ்ச் பக்கமாவது ஏறணும்," என்றார் டாக்டர். "நல்லா வளர்ந்துட்டு இருந்த பிள்ளை நின்னிருக்கா. பிள்ளை குட்டையா இருக்க ஆயிரம் காரணம் இருக்கும். அப்பா அம்மா குட்டையா இருக்கலாம். சில பிள்ளைங்க தாமதமா வளரும். சாப்பாட்டுல சத்து இல்லாம இருக்கும், சாப்பிட்டது வயித்துல ஒட்டாம இருக்கும். இவளுக்குத் தைராய்டுன்னு நினைக்கறேன். கழுத்துல இருக்கற சின்னச் சுரப்பி, அது சரியா வேலை செய்யலன்னா உடம்பு மொத்தமும் மந்தமாயிடும். ரத்தம் பார்த்தாத்தான் உறுதி. கையையும் எக்ஸ்ரே எடுக்கணும்."

"உசரத்துக்குக் கை எதுக்கு டாக்டர்?" தையல்காரருக்கு மறுபடியும் சந்தேகம்.

"எலும்போட நுனியில வளர்ற இடம் ஒண்ணு இருக்கு. அது மூடிட்டா எந்த மருந்தாலயும் உயரம் ஏறாது. திறந்திருக்கான்னு கையில தெரியும். பொடியைக் குடுத்துட்டு நீங்க வீணாக்கினது இந்த நேரத்தைத்தான்."

அடுத்த சில நாட்கள் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மூடியிருந்தால்? இரண்டு வருஷமாக மடிப்பைத் திருப்பிப் பார்க்காத பாவத்துக்குப் பிள்ளை ஆயுசு முழுக்க விலை கொடுக்கணுமா? தையல்காரர் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தார்.

முடிவு வாங்கப் போன அன்று டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"தைராய்டுதான். ரொம்பக் குறைவு. ஆனா இங்க பாருங்க. பிள்ளைக்கு வயசு பதினொண்ணு, எலும்புக்கு வயசு எட்டு மாதிரி இருக்கு. எல்லாம் திறந்திருக்கு. வளர இடம் இருக்கு!"

தாய் "ஐயோ!" என்று கத்திவிட்டாள். அது சந்தோஷக் கத்தல். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். தையல்காரர் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "இறக்கி விடுப்பா, எல்லாரும் பார்க்கறாங்க," என்றாள் அவள்.

"தினமும் காலைல வெறும் வயித்துல ஒரு மாத்திரை. ஒரு நாள்கூட விடக் கூடாது. நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. சொல்ற நேரத்துக்கு வந்து ரத்தம் பார்க்கணும்."

"எல்லா உசரமும் திரும்பி வந்துடுமா டாக்டர்?"

"நிறைய வரும். முழுசா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். முன்னாலயே வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

அந்த வார்த்தையில்தான் தையல்காரருக்கு நம்பிக்கை வந்தது. ஒட்டகச்சிவிங்கியைக் கூட்டி வராத ஆளை நம்பலாம்.

மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே வீடு மாறிவிட்டது. போர்வை போனது. முகத்தின் உப்பல் வடிந்தது. பள்ளியிலிருந்து ஆள் வந்தது: உங்க பொண்ணு மரத்துல ஏறி நிக்கறா. இன்னொரு நாள் சட்டைக் கை கிழிந்து வந்தாள். "யாருடி கிழிச்சது?" என்றதற்கு, "நான் அவளோடதைக் கிழிச்சேன், அவ என்னோடதைக் கிழிச்சா, சரியாப் போச்சு" என்றாள். தையல்காரர் அந்தக் கிழிசலைக் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார். "பாத்தீங்களா? கிழிச்சுட்டு வந்திருக்கா! எப்படிக் கிழிச்சிருக்கா பாருங்க!" வந்தவர்கள் இந்த ஆளுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். இப்போது அவளை யாராவது பொம்மை என்று கூப்பிட்டால், "நீதான் பொம்மை" என்று பதில் வரும்.

சில மாதம் கழித்து அவர் மகளை நிற்க வைத்து மறுபடியும் அளந்தார். இந்தத் தடவை தயங்கவில்லை. இரண்டு இஞ்ச் ஏறியிருந்தது! கடையை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கிக் கூவினார். பக்கத்து டீக்கடைக்காரர் என்னவோ நெருப்பு பிடித்துவிட்டது என்று தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார்.

ஒரு நாள் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஏணி வந்தான். கோட்டு இல்லை, சாதாரணச் செருப்பு. ஒன்பது வயது மகனைக் கையில் பிடித்திருந்தான். பையன் அவனையே அச்சில் வார்த்த மாதிரி இருந்தான். தங்கச்சி அண்ணன் முகத்தைப் பார்க்காமல் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, கோவம் இருந்தா என்னை ரெண்டு அடி அடிச்சுடு. ஆனா இவனைக் கொஞ்சம் அளந்து பாரேன். வகுப்புல இவன்தான் கடைசிக் குட்டை. எனக்குப் பயமா இருக்கு. கம்பெனியில சேர்ந்த நாள்லேருந்து அந்தப் பொடியைத்தான் இவனுக்கும் குடுக்கறேன்."

தையல்காரர் அவனை ஒரு முறை முறைத்தார். தன் பிள்ளைக்கே கொடுத்தான் என்றால் அவனும் நம்பித்தான் இருக்கிறான். பையனை நிற்க வைத்து அளந்தார். "இந்த அளவை எடுத்துட்டு அந்த டாக்டர்கிட்ட போ. வருஷா வருஷம் ஸ்கூல்ல அளந்திருந்தா அதையும் கேட்டு வாங்கிட்டுப் போ. இதைப் பார்த்து நானும் ஒண்ணும் சொல்ல முடியாது, நீயும் ஒண்ணும் சொல்ல முடியாது."

டாக்டர் பார்த்தார். பள்ளியில் எடுத்த அளவுகளையும் பார்த்தார். சில மாதம் விட்டு மறுபடி வரச் சொல்லி மறுபடியும் அளந்தார். பையன் குட்டைதான். ஆனால் அவன் பாட்டுக்கு அவன் வேகத்தில் விடாமல் ஏறிக்கொண்டிருந்தான். தகப்பனைப் போன்ற உடம்பு, நோய் ஒன்றும் இல்லை, மருந்தும் வேண்டாம், பொடியை மட்டும் நிறுத்து என்று அனுப்பிவிட்டார்.

ஏணி மகனோடு நேராகக் கடைக்கு வந்தான். அவனுக்குச் சந்தோஷமா துக்கமா என்று அவனுக்கே புரியவில்லை.

"நோய் இல்லயாம் தங்கச்சி. ஆனா... இவன் என்னை மாதிரி குட்டையாவே இருந்துடுவானே! நான் பட்ட கேலி உனக்குத் தெரியாதா?"

"அப்ப நாளைலேருந்து அந்தப் பொடி குடிக்க வேண்டாமாப்பா?" என்று பையன் நடுவில் கேட்டான்.

"வேண்டாம்டா."

பையன் போட்ட கூச்சலில் பின்னால் கவுன் மாட்டியிருந்த கம்பியே ஆடியது. மேசையோரம் நின்ற தையல்காரரின் மகளும் சேர்ந்து குதித்தாள். இரண்டும் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடின.

தங்கச்சி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, அத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசினாள்:

"அண்ணே, குட்டையா இருக்கறது குறையே இல்ல. உன்னைக் கேலி பண்ணவன் வாய்தான் குறை. வளர்ற பிள்ளை நின்னுபோறதும், அதைப் பெத்தவங்க பார்க்காம இருக்கறதும்தான் ஆபத்து. என் புள்ளை நின்னுபோச்சு, நாங்க பார்க்கல. உன் புள்ளை ஏறிட்டு இருந்தான், நீயும் பார்க்கல. ரெண்டு வீட்டுலயும் டப்பாவைத்தான் பார்த்தோம். இனிமேயாவது ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஒழுங்கா அளந்து வை. நின்னுட்டான்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடு. ஏறிட்டே இருக்கான்னா அவன் பாட்டுக்கு விளையாடட்டும்னு விடு."

ஏணி வாசலுக்கு வந்தான். தெருவில் கத்திக்கொண்டு ஓடுகிற இரண்டு பிள்ளைகளையும் நின்று பார்த்தான். முதல் தடவையாக, யார் உசரம் யார் குட்டை என்று பார்க்காமல் பார்த்தான்.